எண்ணை நம்பும் முன்: விலைவாசி, வட்டி, வரி, கருத்துக்கணிப்புச் செய்திகளைப் படிக்கும் முறை

இந்தியாவில் 2023 ஜூலையில் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம். அடுத்த ஆண்டு ஜூலையில் 3.54 சதவீதம் என்று அறிவிப்பு வந்தது. பொருளாதாரச் செய்திகளைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியவருக்கு இது விலைவாசி பாதியாகக் குறைந்ததுபோலத் தெரியும். கடைக்குப் போனால் எதுவும் குறைந்திருக்காது. உடனே, அரசு சொல்வது பொய்க் கணக்கு என்று தோன்றும். இரண்டு முடிவுமே தவறு. எண் சரியாகத்தான் இருக்கிறது. அது எதை அளக்கிறது என்று கேட்காமல் படித்ததுதான் பிரச்சினை.

பொருளாதாரம், நிதி, கருத்துக்கணிப்பு ஆகியவற்றில் பரவும் தவறான புரிதல்களில் பெரும்பாலானவை மூன்று கேள்விகளைக் கேட்காததால் வருபவை. இந்த எண் இருப்பைச் சொல்கிறதா, வேகத்தைச் சொல்கிறதா? எதோடு ஒப்பிடுகிறது? நூற்றுக்கு இத்தனை என்றால் அந்த நூறு யார்? இந்த மூன்றையும் ஒவ்வொரு வகைச் செய்தியிலும் எப்படிக் கேட்பது என்பதற்கான வழிமுறை இது.

தேவையானவை அதிகமில்லை. கைபேசியில் ஒரு கால்குலேட்டர் போதும். அதோடு மூல அறிக்கையைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். விலைக் குறியீடும் உற்பத்திக் கணக்கும் மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் கிடைக்கும். வட்டி விவரமும் குடும்பங்களிடம் எடுக்கும் ஆய்வுகளும் ரிசர்வ் வங்கித் தளத்தில் உள்ளன. பட்ஜெட்டுக்குத் தனித் தளம் உண்டு, வாக்கு விவரங்களைத் தேர்தல் ஆணையம் வெளியிடுகிறது. எல்லாமே இலவசம்.

படி 1: சதவீதத்தை விட்டுவிட்டுக் குறியீட்டைத் தேடுங்கள்

பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். விலை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைச் சொல்வது நுகர்வோர் விலைக் குறியீடு. செய்தியின் தலைப்பில் வேகம் மட்டும்தான் வரும், உயரத்தை நீங்கள்தான் தேடி எடுக்க வேண்டும். 2012-ஐ 100 என்று வைத்துக் கணக்கிட்ட தொடரில், ஊரகமும் நகரமும் சேர்ந்த குறியீட்டின் மூன்று ஜூலை மாத எண்கள் இவை:

2022 ஜூலை: 173.4
2023 ஜூலை: 186.3
2024 ஜூலை: 192.9 (முதலில் வெளியான தற்காலிக எண்)

186.3-ஐ 173.4-ஆல் வகுத்தால் 1.0744 வரும். அதுதான் 7.44 சதவீதம். 192.9-ஐ 186.3-ஆல் வகுத்தால் 1.0354. அது 3.54 சதவீதம். இப்போது நடுவில் உள்ள ஆண்டை விட்டுவிட்டு 192.9-ஐ 173.4-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டில் விலை 11.2 சதவீதம் ஏறியிருக்கிறது. 2022-ல் 10,000 ரூபாய்க்கு வாங்கிய அதே சாமான்களுக்கு 2024-ல் 11,125 ரூபாய் வேண்டும். பணவீக்கம் 'பாதியான' அந்த ஆண்டிலும் விலை மேலேதான் போனது, கொஞ்சம் மெதுவாகப் போனது. விலை உண்மையிலேயே இறங்க வேண்டுமானால் பணவீக்கம் பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும்.

3.54 அவ்வளவு குறைவாகத் தெரிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறி, குறியீடு உயரத்தில் நின்றது. உயரமான இடத்திலிருந்து அளந்தால் அடுத்த ஏற்றம் சிறிதாகத்தான் தெரியும். இதை அடிப்படை விளைவு என்பார்கள். அதனால் ஒரு மாதத்துப் பணவீக்கத்தைப் பார்க்கும்போது, முந்தைய ஆண்டின் அதே மாதத்தில் அது எவ்வளவு இருந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் பிசகும் இடங்கள் இரண்டு. அடிப்படை ஆண்டு, அதாவது 100 என்று வைக்கும் ஆண்டு, மாறிய பிறகு பழைய தொடரின் எண்ணைப் புதிய தொடரின் எண்ணால் நேராக வகுக்கக் கூடாது. அமைச்சகம் தரும் இணைப்புக் காரணியால் பெருக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். இரண்டாவது, முதலில் வெளியாகும் எண் தற்காலிகமானது. அடுத்த மாத அறிக்கையில் அது சிறிது திருத்தப்படலாம். ஒப்பீட்டுக்குத் திருத்திய எண்ணையே எடுங்கள்.

படி 2: உங்கள் வீட்டுப் பணவீக்கத்தைத் தனியே கணக்கிடுங்கள்

"அரசு 4 சதவீதம் என்கிறது, எனக்கு 10 சதவீதம் ஏறியிருக்கிறதே" என்பது நியாயமான கேள்வி. குறியீடு நாட்டின் சராசரிக் கூடையை அளக்கிறது. 2012 தொடரில் உணவு, பானங்களுக்கு 45.86 சதவீத எடை. வீட்டு வாடகைக்கு 10.07 சதவீதம்தான். ஊரகக் குறியீட்டில் வாடகையே இல்லாததால் அது இவ்வளவு சிறுத்துவிட்டது, நகரக் குறியீட்டில் மட்டும் பார்த்தால் 21.67. சென்னையில் வருமானத்தில் மூன்றிலொரு பங்கை வாடகைக்கே கொடுக்கும் குடும்பத்துக்கு இந்தக் கூடை பொருந்தாது. சொந்த வீடும் சொந்த நெல்லும் உள்ள குடும்பத்துக்கும் பொருந்தாது.

கணக்கிடும் முறை எளிது. போன ஆண்டு இதே மாதம் செலவு செய்த இனங்களை எழுதுங்கள். அளவை மாற்றாமல், இன்றைய விலையில் அதே இனங்களுக்கு என்ன ஆகும் என்று எழுதுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: வாடகை 10,000 – இப்போது 11,000. மளிகை 8,000 – 8,240. பால், காய்கறி 4,000 – 4,200. பேருந்து, பெட்ரோல் 3,000 – மாற்றமில்லை. பள்ளிக் கட்டணத்தின் மாதப் பங்கு 5,000 – 5,600. மொத்தம் 30,000 ரூபாய் 32,040 ஆகியிருக்கிறது. ஏற்றம் 6.8 சதவீதம். இதில் பாதி வாடகையிலிருந்து மட்டுமே வந்தது என்பதையும் கவனியுங்கள்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, அளவையும் விலையையும் குழப்பிக்கொள்வது. போன ஆண்டு மாதம் 20 லிட்டர் பெட்ரோல் போட்டு, இந்த ஆண்டு 26 லிட்டர் போட்டால் செலவு ஏறும். ஆனால் அது விலையேற்றம் ஆகாது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பிஸ்கட் பாக்கெட் இன்றும் 10 ரூபாய்தான் என்று எழுதிவிட்டு, எடை குறைந்ததைக் கவனிக்காமல் விடுவது. பொட்டலப் பொருள் எல்லாவற்றுக்கும் 100 கிராம் விலையை எழுதுங்கள்.

ரிசர்வ் வங்கி குடும்பங்களிடம் "இப்போது பணவீக்கம் எவ்வளவு இருப்பதாக நினைக்கிறீர்கள்" என்று தொடர்ந்து கேட்டு வருகிறது. மக்கள் சொல்லும் எண் வழக்கமாக அரசு எண்ணைவிட அதிகமாகவே இருக்கிறது. மக்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. தினமும் வாங்கும் பாலும் வெங்காயமும் மனதில் பதிகின்றன, ஆறு மாதமாக விலை ஏறாத துணியும் கைபேசிக் கட்டணமும் பதிவதில்லை. அந்த ஆய்வு மக்கள் நினைப்பதை அளக்கிறது, குறியீடு விலையை அளக்கிறது. ஒன்றை வைத்து இன்னொன்றைப் பொய் என்று சொல்ல முடியாது.

படி 3: வளர்ச்சி விகிதத்தை மூன்று ஆண்டாக விரித்துப் பாருங்கள்

2021 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, முதல் மதிப்பீட்டின்படி 20.1 சதவீதம் வளர்ந்தது. அந்த எண் உண்மை. அதைப் பெரும் பாய்ச்சல் என்று எடுத்துக்கொண்டால் தவறு. 2011-12 விலையில் அந்தக் காலாண்டின் உற்பத்தி 2019-ல் 35.66 லட்சம் கோடி ரூபாய். ஊரடங்கு நடந்த 2020-ல் 26.95 லட்சம் கோடி. 2021-ல் 32.38 லட்சம் கோடி. 24.4 சதவீதம் விழுந்து, 20.1 சதவீதம் எழுந்த பிறகும், இரண்டு ஆண்டுக்கு முந்தைய இடத்தைவிட 9 சதவீதம் கீழேதான் இருந்தது. விழும்போது பெரிய எண்ணின் மீது சதவீதம் போடுகிறோம், எழும்போது சிறிய எண்ணின் மீது. 100 ரூபாய் 50 ஆனால் இழப்பு 50 சதவீதம், மீண்டும் 100 ஆக 100 சதவீதம் ஏற வேண்டும். பங்குச் சந்தைச் செய்திக்கும் இதே கணக்குத்தான்.

'நிலையான விலையில்' என்று இருந்தால் விலையேற்றத்தைக் கழித்த வளர்ச்சி. 'நடப்பு விலையில்' என்று இருந்தால் கழிக்காதது. இரண்டையும் கலந்து ஒப்பிடும் பதிவைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

படி 4: வட்டிச் செய்தியை உங்கள் கடன் பத்திரத்தோடு வைத்துப் படியுங்கள்

ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி. ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.50-லிருந்து 6.25-ஆகக் குறைத்தால் அது 0.25 சதவீதப் புள்ளிக் குறைப்பு. "0.25 சதவீதம் குறைப்பு" என்றே செய்திகளில் எழுதுகிறார்கள். பேச்சு வழக்கில் பரவாயில்லை, கணக்கில் இரண்டும் ஒன்றல்ல. வட்டி 8-லிருந்து 10 ஆனால் ஏற்றம் 2 சதவீதப் புள்ளி, அதாவது 25 சதவீதம். எழுதியவர் எந்த எண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தாரோ அதுதான் தலைப்பில் இருக்கும்.

ரெப்போ குறைந்த மறுநாளே இஎம்ஐ (மாதத் தவணை) குறையும் என்பது அடுத்த தவறான எண்ணம். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு, இணைந்தவை. அவற்றில்கூட வட்டியை மாற்றி அமைப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது என்பதுதான் விதி. வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே வட்டியைத் தீர்மானிக்கும், அதற்கு முந்தைய எம்சிஎல்ஆர் கடன்களில் மாற்றம் இன்னும் மெதுவாக வரும். வீட்டு வசதி நிறுவனத்தில் கடன் என்றால் அந்த நிறுவனத்தின் சொந்த அளவுகோல். ஆகவே முதல் வேலையாகக் கடன் பத்திரத்தில் மூன்றைப் பாருங்கள்: எந்த அளவுகோல், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றம், அளவுகோலுக்கு மேல் வங்கி வைத்திருக்கும் கூடுதல் எவ்வளவு.

குறைந்த வட்டி எந்த வழியாக உங்களுக்கு வருகிறது என்பதும் முக்கியம். 30 லட்சம், 20 ஆண்டு, 8.5 சதவீதம் என்றால் தவணை சுமார் 26,035 ரூபாய். 8.25 ஆனால் 25,562. மாதம் 473 ரூபாய் மிச்சம். ஆனால் பல வங்கிகள் தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைக்கின்றன. அப்படிச் செய்தால் 240 தவணை சுமார் 230 ஆகும். கட்ட முடிகிறவருக்கு இதுவே லாபம், மொத்த வட்டியில் மிச்சம் அதிகம்.

வட்டி ஏறும்போது இதே ஏற்பாடு கழுத்தைப் பிடிக்கும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.50-க்குப் போனது. 7 சதவீதத்தில் வாங்கிய 30 லட்சம் கடனுக்குத் தவணை 23,259. வட்டி 9.5 ஆனால் 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டும் 23,750. தவணையைத் தொடாமல் விட்டால் அது வட்டிக்கே போதாது, அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. இதனால்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் நீங்களே எழுதிக் கேளுங்கள். மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை கடன் கணக்கு அறிக்கையில் சரிபாருங்கள்.

சிறு கடன்களில் வேறொரு கண்ணி இருக்கிறது. "வட்டி 10 சதவீதம்தான்" என்று சொல்லி 1 லட்சம் கொடுத்து, 12 தவணையாக 9,167 ரூபாய் வாங்கினால், மொத்த வட்டி 10,000. பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் ஆறாவது மாதத்தில் பாதி அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்ட பிறகும் முழு 1 லட்சத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். குறையும் அசல் மீது கணக்கிட்டால் இது கிட்டத்தட்ட 18 சதவீதம். 2024 அக்டோபர் முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடனுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். அதில் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் சதவீத விகிதம் இருக்கும். இரண்டு கடனை ஒப்பிட அந்த ஒரு எண் போதும், வாயால் சொல்லும் வட்டி எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

படி 5: வரி அடுக்கைத் துண்டு துண்டாகக் கணக்கிடுங்கள்

"சம்பளம் ஏறினால் அடுத்த அடுக்குக்குப் போய்விடுவேன், கையில் வருவது குறைந்துவிடும்." இந்தப் பயத்தில் சம்பள உயர்வைத் தள்ளிப்போட நினைப்பவர்கள் உண்டு. அடுக்கின் விகிதம் அந்த அடுக்குக்குள் விழும் ரூபாய்க்கு மட்டும்தான். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம், 24 லட்சத்துக்கு மேல் 30. வரிக்குரிய வருமானம் 16 லட்சம் என்றால் வரி 20,000 + 40,000 + 60,000 = 1,20,000. அது 16,50,000 ஆனால், கூடுதல் 50,000-க்கு மட்டும் 20 சதவீதம். 10,000 வரி, வரியின் மீது போடும் 4 சதவீத செஸ்ஸோடு 10,400. மீதி 39,600 உங்களுக்கே.

இந்தப் பயம் ஓரளவு நிஜமாகும் இடம் ஒன்று இருக்கிறது. 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி உண்டு, வரி பூஜ்யம். 12,10,000 ஆனால் அடுக்குக் கணக்குப்படி 61,500 வர வேண்டும். 10,000 கூடுதலாகச் சம்பாதித்ததற்கு 61,500 வரி என்பது அநியாயம் என்பதால், 12 லட்சத்தைத் தாண்டிய தொகையோடு வரியை நிறுத்துகிறார்கள். வரி 10,000, செஸ் 400. ஆக, 10,000 கூடுதலாக வந்தும் கையில் 400 ரூபாய் குறைகிறது. ஏறக்குறைய 12,70,000 வரை இதே நிலைதான், அதைத் தாண்டினால் வழக்கமான கணக்கு. மாதச் சம்பளக்காரருக்கு 75,000 நிலையான கழிவு உண்டு என்பதால் அவருக்கு எல்லை 12,75,000. பங்கு விற்ற லாபம்போலத் தனி விகிதத்தில் வரி விதிக்கும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. 12 லட்சத்துக்குக் கீழேதானே என்று அதை விட்டுவிடுபவர்களுக்குப் பின்னால் நோட்டீஸ் வரலாம்.

வருமான வரி கட்டுவோர்தான் நாட்டை நடத்துகிறார்கள் என்ற பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2025-26 மத்திய பட்ஜெட்டில் அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் வருமான வரி 22 காசு. ஜிஎஸ்டியும் பிற வரிகளும் 18 காசு, உற்பத்தி வரி 5, சுங்கம் 4. சோப்பு வாங்கும் கூலித் தொழிலாளியும் பெட்ரோல் போடும் மீன் வியாபாரியும் வரி கட்டுகிறார்கள், ரசீதில் அவர்கள் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

படி 6: பட்ஜெட்டில் எந்தப் பத்தி என்று பாருங்கள்

பட்ஜெட் அட்டவணையில் ஒவ்வொரு இனத்துக்கும் நான்கு பத்திகளில் நான்கு எண்கள் இருக்கும்: இரண்டு ஆண்டுக்கு முன் உண்மையில் செலவானது, போன ஆண்டு ஒதுக்கியது, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டுக்கு ஒதுக்குவது. "ஒதுக்கீடு உயர்ந்தது" என்ற செய்தி பெரும்பாலும் கடைசி எண்ணைத் திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டது. போன ஆண்டு ஒதுக்கியதைச் செலவு செய்யாமல் விட்டிருந்தால் திருத்திய மதிப்பீடு சிறுத்திருக்கும், அதோடு ஒப்பிட்டால் சாதாரண ஒதுக்கீடும் பெரிய உயர்வாகத் தெரியும். நான்கையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் இது உடனே பிடிபடும்.

பற்றாக்குறையும் கடனும் ஒன்றல்ல. 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி, கடன் அல்லாத வரவு 34.96 லட்சம் கோடி. இடைவெளி 15.69 லட்சம் கோடி, ஜிடிபியில் 4.4 சதவீதம். பற்றாக்குறை முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது என்றால் கடன் குறைந்தது என்று பொருளல்ல. அந்த ஆண்டு மேலும் 15.69 லட்சம் கோடி கடன் சேர்கிறது என்று பொருள். பணவீக்கத்தில் பார்த்த அதே வேக, உயர வேறுபாடுதான் இது. பழைய கடனுக்கான வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி.

மாநிலங்களின் வரிப் பங்கு பற்றிய வாக்குவாதத்தில் நுழையும் முன் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 15-வது நிதிக் குழு பரிந்துரைத்த 41 சதவீதம், பகிர்வுக்குரிய வரித் தொகுப்பில்தான். மத்திய அரசு வசூலிக்கும் செஸ்ஸும் கூடுதல் வரியும் அந்தத் தொகுப்புக்குள் வராது. 2021 முதல் 2026 வரை அந்த 41-ல் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். "நூற்றுக்கு 41 மாநிலங்களுக்குத்தானே போகிறது" என்று வாதிடுபவர், எதில் நூறு என்பதை மாற்றிவிட்டார்.

படி 7: வேலையின்மை விகிதத்தில் யார் அந்த நூறு

ஒரு தெருவில் 100 பெரியவர்கள். 50 பேர் வேலை செய்கிறார்கள், 5 பேர் வேலை தேடுகிறார்கள், 45 பேர் தேடவில்லை. வேலையின்மை விகிதம் 100-ல் 5 அல்ல, 55-ல் 5, அதாவது 9.1 சதவீதம். அந்த ஐவரில் மூவர் சலித்துப்போய்த் தேடுவதை நிறுத்தினால் 52-ல் 2, வெறும் 3.8 சதவீதம். ஒரு வேலைகூட உருவாகாமல் விகிதம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. எனவே நூறு பேரில் வேலை செய்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்து எத்தனை பேர் என்று சொல்லும் தொழிலாளர் பங்கேற்பு விகிதத்தைச் சேர்த்துப் பார்க்காமல் வேலையின்மை விகிதத்தைப் படிக்காதீர்கள்.

தேசியக் கணக்கெடுப்பில் இரண்டு அளவுகள் உண்டு. வழக்கமான நிலை என்பது முந்தைய 365 நாளைப் பார்ப்பது. நடப்பு வார நிலை என்பது முந்தைய 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர் என்று கொள்வது. குடும்பக் கடையில் சம்பளமில்லாமல் உதவுபவரும் வேலையில் இருப்பவரே. ஒரு அளவின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டு ஏறியது, இறங்கியது என்று சொல்வது செல்லாது.

படி 8: கருத்துக்கணிப்பில் இடங்களை மறைத்துவிட்டு வாக்கு விகிதத்தைப் படியுங்கள்

"எட்டுக் கோடிப் பேருக்கு ஆயிரம் பேரைக் கேட்டால் போதுமா?" எல்லோருக்கும் முதலில் எழும் சந்தேகம் இது. போதும், ஒரு நிபந்தனையோடு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான். ஆயிரம் பேரும் மாநிலம் முழுவதிலுமிருந்து, எல்லாத் தரப்பிலுமிருந்து, குலுக்கல் முறையில் வந்திருந்தால் மக்கள்தொகை எவ்வளவு என்பது பொருட்டல்ல. தாங்களாகவே வந்து அழுத்தும் இணைய வாக்கெடுப்பில் பத்து லட்சம் பேர் கலந்துகொண்டாலும், அது வந்தவர்களின் கருத்து மட்டுமே.

பிழை வரம்பைத் தோராயமாக நீங்களே போடலாம். கேட்கப்பட்டவர்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, 100-ஐ அதனால் வகுங்கள். 400 பேர் என்றால் 5 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். 1,000 பேருக்கு 3 சொச்சம். 10,000 பேருக்கு 1. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பேரைக் கேட்க வேண்டும், செலவும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். இது ஒரு கட்சியின் வாக்கு விகிதத்துக்கான பிழை. இரண்டு கட்சிக்கு இடையிலான வித்தியாசத்தில் பிழை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 1,000 பேரிடம் எடுத்து 42க்கு 39 என்று வந்தால், 3 புள்ளி முன்னிலையின் பிழை 6 புள்ளியை ஒட்டி இருக்கிறது. முந்துவது யார் என்று அந்தக் கணிப்பால் சொல்ல முடியாது.

உட்பிரிவுகளில் நிலைமை இன்னும் மோசம். தமிழ்நாடு முழுதும் 4,000 பேரைக் கேட்டு 234 தொகுதிக்கும் யார் வெல்வார் என்று ஒருவர் சொன்னால், தொகுதிக்கு 17 பேரிடம் கேட்டிருக்கிறார் என்று பொருள். "முதல்முறை வாக்காளர்களில் இத்தனை சதவீதம்" என்ற வரியின் பின்னால் 200 பேர் இருந்தால் பிழை 7 புள்ளி. அந்த உட்பிரிவின் எண்ணிக்கையை வெளியிடாத கணிப்பில் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுங்கள்.

வாக்கை இடமாக மாற்றும்போதுதான் பெரும்பாலான கணிப்புகள் சறுக்குகின்றன. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக 44 சதவீதத்துக்குச் சற்று மேல் வாக்கு பெற்று 39-ல் 37 இடங்களை வென்றது. திமுக சுமார் 23.6 சதவீதம் பெற்றும் ஒரு இடம்கூட வரவில்லை. 2024-ல் திமுக கூட்டணி ஏறக்குறைய 47 சதவீத வாக்கில் 39 இடங்களையும் எடுத்தது. தேசிய அளவில் இன்னும் கூர்மையான பாடம் இருக்கிறது. பாஜக 2019-ல் 37.4 சதவீத வாக்கில் 303 இடங்களை வென்றது. 2024-ல் 36.6 சதவீதம் பெற்று 240 இடங்களுக்கு வந்தது. ஒரு புள்ளிக்கும் குறைவான சரிவு, 63 இட இழப்பு. வாக்கு எங்கே குறைந்தது, எதிரணி எங்கே ஒன்றுசேர்ந்தது என்பதே இடங்களைத் தீர்மானித்தது. பத்தாயிரம் பேரைச் சீராகக் கேட்ட கணிப்பால்கூட 0.8 புள்ளி மாற்றத்தைப் பிடிக்க முடியாது. 2024 ஜூன் 1 மாலை வெளியான வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன, வந்தது 293.

பிழை வரம்பு எல்லாப் பிழையையும் சொல்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வாக்குச்சாவடி வாசலில் பதில் சொல்ல மறுப்பவர்கள், அக்கம்பக்கத்தில் ஆள் நிற்கும்போது ஆளுங்கட்சி பெயரைச் சொல்லிவிடுபவர்கள், பகலில் வீட்டில் இல்லாததால் விடுபட்டவர்கள் ஆகியோரால் வரும் பிசகு அந்த எண்ணுக்குள் இல்லை. எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டாலும் அது குறையாது.

கொள்கை பற்றிய கணிப்பில் கேள்வியின் வாசகத்தை முழுதாகத் தேடிப் படியுங்கள். "பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் தொடர வேண்டுமா?" என்பது ஒரு கேள்வி. "போக்குவரத்துக் கழகங்கள் நஷ்டத்தில் ஓடும் நிலையில் இலவசப் பயணம் தொடர வேண்டுமா?" என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் வரும் பதிலைத் தலைப்பில் 'மக்கள் கருத்து' என்றே போடுவார்கள். கேள்வியின் வாசகம் எங்கும் கிடைக்கவில்லை என்றால் அந்த முடிவைப் பயன்படுத்தாதீர்கள்.

ரிசர்வ் வங்கியின் நுகர்வோர் நம்பிக்கைக் குறியீட்டைச் சதவீதம் என்று நினைப்பதும் சகஜம். பொருளாதார நிலை, வேலை, விலை, வருமானம், செலவு பற்றி மேம்பட்டது என்றவர்களின் சதவீதத்திலிருந்து மோசமானது என்றவர்களின் சதவீதத்தைக் கழித்து, சராசரி எடுத்து, 100-ஐக் கூட்டுகிறார்கள். 100-க்குக் கீழ் என்றால் அவநம்பிக்கை மிகுந்திருக்கிறது. 2021 மே மாதம் அது 48.5 ஆனது. 48.5 சதவீதம் பேருக்கு நம்பிக்கை இருந்தது என்று அதைப் படித்தால் முற்றிலும் தவறு. மோசம் என்றவர்கள், மேல் என்றவர்களைவிடச் சராசரியாக 51.5 புள்ளி அதிகம் என்பதே அதன் பொருள்.

இரண்டு கணிப்புகளை ஒப்பிட வேண்டுமானால் ஒரே நிறுவனம், ஒரே கேள்வி, ஒரே முறையில் எடுத்தவையாக இருக்க வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களின் எண்களைக் கோடாக இணைத்து "ஆதரவு சரிகிறது" என்று வரைந்த படத்தை ஒதுக்கிவிடுங்கள். அடுத்த தேர்தலுக்கு ஒரு தாளில் நான்கு பத்தி போட்டு வையுங்கள்: நிறுவனம், கேட்டவர்களின் எண்ணிக்கை, சொன்ன வாக்கு விகிதம், சொன்ன இடங்கள். முடிவு வந்த பிறகு தேர்தல் ஆணையத் தளத்திலிருந்து உண்மை எண்ணை ஐந்தாவது பத்தியில் எழுதுங்கள். வாக்கு விகிதத்தில் சரியாக இருந்து இடத்தில் தவறியவரையும், இரண்டிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்தவரையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். வெளியிட்ட வாக்கு விகிதமே இல்லாமல் இடங்களை மட்டும் சொன்ன நிறுவனத்தின் வரிசையில் மூன்றாவது பத்தி காலியாக இருக்கும். அந்த நிறுவனம் எங்கே தவறியது என்று முடிவுக்குப் பிறகும் யாராலும் சரிபார்க்க முடியாது, அடுத்த தேர்தலில் அதைத் தாளில் சேர்க்க வேண்டியதில்லை.